காலி வண்டி

ஊரில் அவனுக்கு ஆரன் என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸ் அட்டைக்குள் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. காலை ஏழரை மணி ஆனதும் அவனுடைய வேன் ஊர் முனையில் நின்று மூன்று தடவை கத்தும். முதல் ஆரனுக்குப் பிள்ளைகள் சட்டை போடுவார்கள். இரண்டாவதற்கு ஷூவைத் தேடுவார்கள். மூன்றாவதற்கு அம்மாக்காரிகள் கடைசி வாயைத் திணித்து வாசலுக்குத் தள்ளுவார்கள். நாலாவது ஆரன் என்பது அவன் சரித்திரத்திலேயே கிடையாது. "நாலு தடவ அடிச்சா நான் டிரைவர் இல்ல, பிச்சைக்காரன்" என்பான்.

ஏறி உட்கார்ந்ததும் எண்ணிக்கை நடக்கும். முன்பொரு தடவை தபால்காரர் மகனை டவுன் பள்ளிக்கூடத்துக் கக்கூஸிலேயே விட்டுவிட்டு ஊர் வந்து சேர்ந்து, அந்தப் பையனின் தாயிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். அன்றிலிருந்து வந்த வழக்கம் இது. ஏறிய வரிசைப்படி ஒவ்வொரு பிள்ளையும் தன் நம்பரைக் கத்த வேண்டும். முதலில் ஏறுவது அவன் மகள்தான். "ஒண்ணு!" என்று அவள் போடுகிற சத்தத்தில் கண்ணாடி அதிரும். பன்னிரண்டு வரைக்கும் வந்தால்தான் கியர் விழும்.

டவுனுக்கு முக்கால் மணி நேரம். பள்ளிக்கூட கேட்டில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் திரும்பி வருகிறபோது வண்டி காலி. மத்தியானம் அவர்களைக் கூட்டி வரப் போகிறபோதும் காலி. ஆரனுக்குப் பிடிக்காத ஒரே வேலை காலி வண்டியை ஓட்டுவது. ஆளில்லாத சீட்டுகள் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கடகடவென்று ஆடும். நிறைந்த வண்டி பேசிக்கொண்டு வரும், காலி வண்டி புலம்பிக்கொண்டு வரும் என்று அவனே சொல்வான். ஆறு வருஷமாக தினம் இரண்டு வேளை அந்தப் புலம்பலைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

அவன் மனைவிக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. பிள்ளைகள் சமையலம்மா என்று கூப்பிடப்போக, ஊரே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. ஓடு வேய்ந்த இரண்டு அறை, பின்பக்கம் கரி பிடித்த ஒரு சமையல்கட்டு, நடுவில் ஒரு முற்றம். அவ்வளவுதான் பள்ளிக்கூடம். அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷம் நாற்பத்தாறு பிள்ளைகள் இருந்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற பெரிய அண்டாவில் கஞ்சி கொதிக்கும். இப்போது பதினோரு பிள்ளைகள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. அண்டாவை மூலையில் கவிழ்த்து வைத்து இரண்டு வருஷமாகிறது. அதன் முதுகில் ஒரு சாம்பல் பூனை குடித்தனம் நடத்துகிறது.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆக்கிப் போடுகிறவளின் சொந்தப் பிள்ளை கழுத்தில் டை கட்டிக்கொண்டு டவுனுக்குப் போனாள். அது ஆரனின் பிடிவாதம். "டிரைவர் புள்ளையே உள்ளூர்ல படிச்சா, வேற எவன் என் வண்டியில புள்ளைய ஏத்துவான்?" என்று ஒரே கேள்வியில் மனைவியின் வாயை அடைத்துவிட்டான். தன் கடைச் சரக்கைத் தானே தின்னாதவனை யார் நம்புவார்கள்? நியாயம்தானே. அவளும் அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

சொல்கிற நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது.

அன்று மாவு மில்காரர் ஊரைக் காலி செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வேனின் பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு வீட்டுச் சாமான் ஏற்றுவது ஆரனுக்கு உபதொழில். கட்டில், பாத்திரம், தையல் மெஷின், ஒரு மரப்பெட்டி எல்லாம் ஏறின. மழை வருகிற மாதிரி இருந்ததால் மேலே பெரிய தார்ப்பாயைப் போட்டுக் கயிற்றால் இழுத்துக் கட்டினார்கள். மில் மெஷினை மட்டும் அப்படியே விட்டுவிட்டுப் போனார். எடுத்துப் போய் என்ன செய்வது?

"என்னண்ணே, இப்படித் திடுதிப்புனு?" என்று கேட்டான் ஆரன்.

"திடுதிப்புனா? எனக்கு ரெண்டு வருஷமாவே தெரியும்யா." மில்காரர் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டே பேசினார். "பள்ளிக்கூடத்துல நாப்பது புள்ளைங்க இருந்தப்ப, உன் சம்சாரம் வாரத்துக்கு ரெண்டு மூட்டை அனுப்பும் அரைக்க. அந்த மெஷின் ஓடறப்பவே நாலு வீட்டு மாவும் சேர்ந்து ஓடிடும். இப்ப ஒரு வாளி அனுப்புது. ஒரு வாளிக்கு மெஷினப் போட்டா அது என்னைப் பார்த்துச் சிரிக்குது. போன வருஷம் பெரியவன உன் வண்டியில ஏத்தினேன். அவன் அங்க, சின்னதுங்க ரெண்டும் இங்கன்னு எத்தனை நாளைக்கு? எஞ் சம்சாரம் டவுன்ல ஒரு ரூம் பாருங்கன்னா. பார்த்துட்டேன்."

ஏறி உட்காருவதற்கு முன்னால் மடியிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து ஆரன் கையில் வைத்தார். "நீதான் தினம் போய் வர்ற ஆளு. அப்பப்ப ஒரு பார்வை பார்த்துக்க."

டவுனில் சாமானை இறக்கிவிட்டு ஆரன் வீடு திரும்பியபோது சாயங்காலம் ஐந்து மணி. சமையலம்மா அடுப்பங்கரையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். உரிக்கிற வேகத்திலேயே வீட்டு வானிலை தெரிந்துவிட்டது. அவன் சத்தம் போடாமல் மில்காரர் சாவியைச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டப் போனான்.

"அதோட எத்தனை?"

"எது எத்தனை?"

"சாவி. எண்ணுங்க. புள்ளைங்கள எண்ணத் தெரியுதுல்ல? சாவிய எண்ணுங்க."

அவன் சிரித்து மழுப்பப் பார்த்தான். அவள் கிழங்கைப் போட்டுவிட்டு எழுந்து வந்து, ஊரைக் காலி செய்தவர்கள் கொடுத்துவிட்டுப் போன சாவிக்கொத்தை ஆணியிலிருந்து அப்படியே பிடுங்கி அவன் முன்னால் வீசினாள். தரையில் விழுந்து சாவிகள் சிதறின. வேறு வழியில்லாமல் குந்தி உட்கார்ந்து, கையிலிருந்த மில்காரர் சாவியையும் சேர்த்து எண்ணினான். பதினேழு.

"இது யாருது?" அவள் ஒரு சாவியைக் கால் விரலால் தள்ளினாள்.

"தச்சர் வீடு."

"அவர் மக உங்க வண்டியில வந்தாளா இல்லையா?"

"வந்தா. ரெண்டு வருஷம்."

"இது?"

"கோழிப் பண்ணைக்காரர்."

"அவர் பசங்க?"

பதினேழு சாவியில் பதிமூன்று சாவிக்கு அவனால் ஒரு பிள்ளையின் நம்பரைச் சொல்ல முடிந்தது. நாலு, ஏழு, ஒன்பது என்று அந்தந்தக் குரல் கூட ஞாபகம் வந்தது. முதலில் பிள்ளை ஏறும். அடுத்த வருஷம் டவுனில் ஒரு ரூம். அதற்கடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டிலும் பெட்டியும் ஏறும். ஏற்றியது அவன் கைதான்.

"நீங்க புள்ளைங்கள ஏத்திட்டுப் போறதா நெனச்சுட்டிருக்கீங்க. ஊரயே ஏத்திட்டுப் போறீங்க, கொஞ்சம் கொஞ்சமா."

"ஏய், நான் ஏத்தலன்னா இன்னொருத்தன் ஏத்துவான்."

"ஏத்தட்டும். அவன் சம்சாரம் அவனக் கேக்கட்டும். நான் உங்களத்தான் கேப்பேன்." அவள் இடுப்பில் செருகியிருந்த ஒரு தாளை எடுத்தாள். "வெள்ளிக்கெழம டீச்சருக்கு வந்தது. புதன்கெழம ஆபீஸர் வந்து தலைய எண்ணுவாராம். பத்துக்குக் கொறஞ்சா பள்ளிக்கூடத்தப் பூட்டிட்டு, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கற பள்ளிக்கூடத்தோட சேர்த்துடுவாங்களாம். மில்காரர் ரெண்டையும் கூட்டிட்டுப் போயிட்டாரு. இப்ப ஒம்பது."

அவனுக்குப் புரிந்துவிட்டது. மகள் அடுத்த அறையில் வண்ணப் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

"நம்ம புள்ளையச் சேர்த்தா பத்து. அதானே?"

"அதேதான்."

"முடியாது. அதுவுமில்லாம, பத்துங்கறது ஒரு கணக்கா? நாளைக்கு ஒரு புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா மறுபடியும் ஒம்பது. செத்துக்கிட்டிருக்கிற மாட்டுக்கு ஏன்டி லாடம் அடிக்கற?"

கோபம் தாண்டிப் போய்விட்டால் அவள் குரல் தாழ்ந்துவிடும். "மாட்டுக்கு ஊசி போட டாக்டர் எங்க வர்றாரு? பள்ளிக்கூடத்து முத்தத்துக்கு. முட்டைய யாரு வாங்கறா? நான். தோட்டத்துல வெளையற கீரைய யாரு வாங்கறா? நான்தான். அதப் பூட்டினா இந்த ஊர்ல தெறந்திருக்க எடம் எதுங்க? நம்ம வீடா? இதுக்கு ஒரு பூட்டு வாங்கி வைங்க. பதினெட்டாவது சாவி."



திங்கட்கிழமை டவுனில் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்புகிறபோது பின்டயர் பஞ்சர். இடம் செங்கல் சூளைக்கு எதிரே. ஊருக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர் இருந்தது. தினம் நாலு தடவை தாண்டிப் போகிற சூளைதான். ரோட்டோரம் நிற்கிற பிள்ளைகள் வேனைப் பார்த்தால் கை ஆட்டும். ஆரன் பதிலுக்கு ஆரன் கூட அடித்ததில்லை.

ஜாக்கியை வைத்து வண்டியைத் தூக்குவதற்குள் பத்துப் பதினைந்து பிள்ளைகள் சுற்றி நின்றுவிட்டார்கள். எல்லார் முழங்கால் வரைக்கும் காய்ந்த களிமண். அவர்களுக்குப் பின்னால் இன்னும் சுடாத பச்சைக்கல் வரிசை வரிசையாக வெயிலில் கிடந்தது. அறுத்த கல் ஒரு பக்கம் காய்ந்ததும் திருப்பிப் போட வேண்டும். அதுதான் இந்தப் பிள்ளைகளின் வேலை. எட்டு வயதிருக்கும் ஒரு பெண், இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு, மற்றவர்களை அதட்டித் தள்ளி நிற்க வைத்தாள். ஆரன் மனதுக்குள் அவளுக்குப் பெரிய மனுஷி என்று பெயர் வைத்தான்.

"டிரைவரண்ணே, அஞ்சு நட்டு கழட்டின. இங்க நாலுதான் இருக்கு."

அவன் குனிந்து பார்த்தான். நாலுதான் இருந்தது. ஐந்தாவது உருண்டு வண்டிக்கு அடியில் கிடந்தது. அதை மாட்டாமல் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்ததும் அவனுக்கு வேர்த்தது.

"உனக்கு எண்ணத் தெரியுமா?"

"கல்லு எண்ணுவேன். ஆயிரம் வரைக்கும். அதுக்கு மேல மேஸ்திரி எண்ணுவாரு."

"எந்தப் பள்ளிக்கூடம்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டவனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. பெரிய மனுஷி மட்டும் சிரிக்கவில்லை. வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். துடைத்து வைத்த சீட்டுகள் வரிசையாக இருந்தன.

"இந்த வண்டி எங்க போவுது?"

"ஊருக்கு."

"அங்க பள்ளிக்கூடம் இருக்கா?"

"இருக்கு."

"ஆளே இல்லாமயா போவுது?"

அவள் வண்டியைத்தான் கேட்டாள். ஆனால் ஆரனுக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. ஒன்பதே காலுக்கு அவன் வண்டி ஊருக்குள் நுழையும். ஒன்பதரைக்கு ஊர்ப் பள்ளிக்கூடம். மத்தியானம் மூன்றரைக்குப் பள்ளிக்கூடம் விடும். அதே நேரத்துக்கு அவன் காலி வண்டியோடு இதே ரோட்டில் டவுனுக்குப் போவான். ஆறு வருஷம், தினம் இரண்டு வேளை, காலி சீட்டுகளின் புலம்பலைக் கேட்டுக்கொண்டே இந்தப் பிள்ளைகளைத் தாண்டிப் போயிருக்கிறான். கண் இருந்தும் குருடன் என்பது வேறு யாரையோ சொன்னது என்று இத்தனை நாளாக நினைத்திருந்தான்.

நேராகப் பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டுக்குப் போனான். சமையலம்மா ஊதுகுழலோடு அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னான். அவள் முகத்தைத் திருப்பவில்லை.

"எத்தனை புள்ளைங்க?"

"பதினாலு இருக்கும். இடுப்புல இருக்கறத விட்டுட்டு."

"அதுங்க அப்பன் ஆத்தா என்ன சொல்றாங்க?"

"இன்னும் கேக்கல."

"அப்ப மூணு மணிக்கு நானும் வரேன். நீங்க கேட்டா வண்டி வாடகை பேசற மாதிரி இருக்கும்."

மூன்று மணிக்குப் பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு அவள் முன்சீட்டில் ஏறினாள். வண்டி வாங்கின புதிதில் ஏறியது. அதற்கப்புறம் இப்போதுதான்.

மேஸ்திரி நல்ல உயரம், தலையில் துண்டு. வண்டி சூளைக்குள் திரும்பியதுமே கையை நீட்டித் தடுத்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போக வந்திருக்கிறார்கள் என்றதும் சத்தமாகச் சிரித்தார்.

"நல்லாருக்கு கதை. கல்லை யாரு திருப்பறது? பெரியவங்க கை பட்டா விரல் பதிஞ்சிடும்மா. பச்சைக்கல்லுக்குச் சின்னக் கைதான் வேணும். சூளை ஆரம்பிச்ச நாளா அப்படித்தான்."

"அப்படியா?" என்றாள் சமையலம்மா. புடவையைச் செருகிக்கொண்டு கல் வரிசை முன்னால் உட்கார்ந்தாள். இரண்டு உள்ளங்கையையும் தட்டையாக வைத்து, ஒரு கல்லை எடுத்துத் திருப்பி வைத்தாள். அடுத்தது. அதற்கடுத்தது. ஒரு வரிசை முழுக்கத் திருப்பிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "பாருங்க. எங்க விரல் பதிஞ்சிருக்கு? இருவது வருஷமா கல்லுல ரொட்டி திருப்பறவ நான். ரொட்டியே கிழியாதப்ப உங்க கல்லா உடையப் போவுது? விரல் நுனிய ஊனாதீங்க, அவ்வளவுதான் சூட்சுமம். இத உங்க பொம்பளைங்களுக்கு அரை மணி நேரத்துல சொல்லிக் குடுப்பேன்."

மேஸ்திரி குனிந்து கல்லைப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அதற்குள் களிமண் மிதித்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். பெரிய மனுஷியின் அம்மாதான் முதலில் பேசினாள்.

"நாங்க விடிய எந்திரிச்சுத் திருப்பிடறோம். புள்ளைங்க மத்தியானம் என்னத்தச் சாப்பிடும்?"

"அந்த வேலைதானே எனக்கு?"

"கைக்குழந்தைய யாரு பாக்கறது? அவதான் வச்சுக்கறா."

"கூடவே வரட்டும். முத்தம் பெருசாத்தான் இருக்கு."

"நாங்க நாடோடிங்கம்மா. மழைக்காலம் வந்தா சூளை நின்னுடும். வேற ஊருக்குப் போயிடுவோம்."

சமையலம்மா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். ஆணியில் தொங்குகிற கொத்து இரண்டு பேர் மனதிலும் ஒரே நேரத்தில் ஆடியது. "அதுக்கும் ஒரு வழி இருக்கு" என்றான் ஆரன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டீச்சரும் சேர்க்கைப் புத்தகத்தை அணைத்துக்கொண்டு வேனில் வந்து, அடுக்கி வைத்த செங்கல் மேல் அதை விரித்துப் பதினாலு பெயரையும் எழுதினார். அன்றே ஆரன் டவுனுக்குக் குடிபோயிருந்த வீட்டுக்காரர்களைப் பிடித்து, பூட்டிக் கிடக்கிற வீட்டைச் சூளைக்காரர்களுக்கு விடுவார்களா என்று ஒவ்வொருவராகக் கேட்டான். மில்காரர்தான் முதலில் சம்மதித்தார். "பூட்டி வச்சா கரையான்தான் திங்கும். மனுஷங்க இருக்கட்டும்யா. மெஷினுக்கு மட்டும் எண்ணெய் போடச் சொல்லு" என்றார்.

ஊருக்குள் விஷயம் அதற்குள் பரவிவிட்டது. புதன்கிழமை காலை தபால்காரர் மனைவி மகனை வண்டியில் ஏற்றாமல் வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் கடுகு போட்டால் வெடிக்கும்.

"சூளைப் புள்ளைங்கள ஏத்தப் போறியாமே. அந்தச் சேறோட உக்கார்ந்த சீட்டுலயா எம் புள்ள உக்காரணும்?"

"அக்கா, காலைல உங்க புள்ள உக்காந்து எறங்கின பெறகுதான் அதுங்க உக்காரும். அதுங்கதான் என்னைக் கேக்கணும், எவன் உக்காந்த சீட்டுன்னு."

"வாய் நீளுது உனக்கு. இன்னிலேருந்து வேற வண்டி பார்த்துக்கறோம்."

"தாராளமா. நல்ல வண்டியா பாருங்க. கக்கூஸ்ல விட்டுட்டு வராதவனா பாருங்க."

அன்று எண்ணிக்கை ஒன்பதோடு நின்றது. மில்காரரின் பெரியவன் போக, தபால்காரர் மகனும் இன்னொரு பிள்ளையும் வரவில்லை. எண்ணிக்கை முழுசாகாமல் வண்டியை எடுக்காதவன், ஒரு நிமிஷம் கியர் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தான். இந்த வண்டியைத் தவிர அவனுக்கு வேறு பிழைப்பில்லை. பிறகு, வந்தவரைக்கும் போதும் என்று கியரைப் போட்டான்.

டவுன் பள்ளிக்கூட கேட்டில் எட்டுப் பிள்ளைகள் இறங்கினார்கள். மகளும் பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"நீ உக்காரு" என்றான் ஆரன்.

கேட் காவலாளி எட்டிப் பார்த்தார். "என்னப்பா, பாப்பாவுக்கு இன்னிக்கு லீவா?"

"இல்லண்ணே. இனிமே இவளுக்கு வேற பள்ளிக்கூடம்."

வண்டி திரும்பிய பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். "அம்மா பள்ளிக்கூடமாப்பா?"

"ஆமா."

"டை கட்டணுமா?"

"வேணாம்."

"அப்பாடா" என்றாள். அவ்வளவுதான். இந்த ஒரு வார்த்தைக்காகவா மூன்று நாள் தூக்கம் கெட்டது என்று அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பாதி வழியில் மழை பிடித்தது. பருவம் தவறிய மழை. வண்டி சூளைக்குள் நுழைந்தபோது அங்கே யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெரியவர்களும் பிள்ளைகளும் ஓலையும் சாக்குமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். மூடாமல் விட்டால் மழையில் அத்தனை பச்சைக்கல்லும் மறுபடி களிமண்ணாகிவிடும்.

"போய்யா, போ! இன்னிக்கு ஒரு கை கூடத் தர முடியாது!" என்று மேஸ்திரி கத்தினார்.

மணி ஒன்பது பத்து. ஆரன் வண்டியை விட்டுக் குதித்து, ஞாயிற்றுக்கிழமை மில்காரர் சாமான் மேல் போட்டு, பிறகு சீட்டுக்கடியில் சுருட்டி வைத்திருந்த தார்ப்பாயை உருவினான். மூன்று கல் வரிசையை மூடுகிற நீளம் அதற்கு. ஒரு முனையை மேஸ்திரி பிடித்தார். இன்னொரு முனை காற்றில் பறந்தது. அடுத்த நிமிஷம் பார்த்தால் அதன்மேல் அவன் மகள் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சட்டை முழுக்கச் சேறு. பக்கத்தில் பெரிய மனுஷி, குழந்தையோடு. இரண்டு பேருமாகச் சேர்ந்து பாரம் வைத்த மாதிரி அந்த முனையை அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

எல்லாவற்றையும் மூடி முடிக்கிறபோது பத்தே கால். மேஸ்திரி துண்டைப் பிழிந்து முகத்தைத் துடைத்தார். தார்ப்பாயைப் பார்த்தார். வேனைப் பார்த்தார்.

"ஏன்யா நின்னுட்டிருக்க? ஏத்திட்டுப் போ. உன் பாயை நான் ஒண்ணும் தின்னுட மாட்டேன்."

பதினாலு பிள்ளைகளும் சேறோடு ஏறினார்கள். அவசரத்திலும் வழக்கத்தை விடவில்லை ஆரன். "நம்பரச் சொல்லுங்க! ஏறின வரிசைல! நம்பரச் சொன்னாத்தான் வண்டி போகும்!" மகள் எழுந்து நின்று எப்படிக் கத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். மூன்று கிலோமீட்டரும் வண்டிக்குள் நம்பர் மழைதான். கூரையில் பெய்கிற மழை காதிலேயே விழவில்லை.

ஊருக்குள் நுழைந்தபோது மழை விட்டிருந்தது. பள்ளிக்கூட வாசலில் அதிகாரியின் ஜீப் நின்றது. கிளம்பிப் போயிருப்பார் என்றுதான் ஆரன் பயந்துகொண்டே வந்தான். அவரோ முற்றத்து ஓரமாக, ஒரு மேஜை முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் இருந்த படிவத்தில் மையால் 9 என்று எழுதியிருந்தது. ஆனால் அந்தப் படிவத்தில் இன்னொரு கட்டமும் உண்டு. பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டை அதிகாரி ருசி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சாப்பாடு இன்னும் ஆகவில்லை.

"என்னம்மா, ஒம்பது புள்ளைக்கு இவ்வளவு நேரமா?" என்று அவர் சமையல்கட்டுப் பக்கம் குரல் கொடுத்தார்.

"வெறகு ஈரம் சார். அண்டாவும் பெருசு."

ஆரன் எட்டிப் பார்த்தான். இரண்டு வருஷமாகக் கவிழ்ந்து கிடந்த அந்தப் பெரிய அண்டா அடுப்பின் மேல் ஏறியிருந்தது. தேய்த்த தேய்ப்பில் பளபளத்தது. வீடிழந்த பூனை விறகுக் குவியலின் மேல் உட்கார்ந்து எல்லாரையும் முறைத்துக்கொண்டிருந்தது. வண்டி வருமா வராதா என்று தெரியாமலே, விடிகாலையிலேயே, இருபத்துநாலு பேருக்கு உலை வைத்திருக்கிறாள். இப்படி ஒருத்தியை வைத்துக்கொண்டா இத்தனை நாள் செத்த மாடு, லாடம் என்று பேசினேன் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான்.

வேனிலிருந்து பிள்ளைகள் திமுதிமுவென்று இறங்கினார்கள். அதிகாரி எழுந்து நின்றார்.

"யாரு இவங்கெல்லாம்? எந்த ஊர்ப் பிள்ளைங்க?"

டீச்சர் சேர்க்கைப் புத்தகத்தை நீட்டுவதற்குள் சமையல்கட்டிலிருந்து பதில் வந்துவிட்டது. "இந்த ஊர்ச் சோத்தச் சாப்பிடப் போற புள்ளைங்க சார்."

"அம்மா, நான் உங்களுக்கு விரோதி இல்ல. சூளைப் பிள்ளைங்கன்னு பார்த்தாலே தெரியுது. இன்னிக்கு எண்ணிக்கைக்காகக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. நாளைக்கு வருவாங்களா?"

"நாளைக்கும் வாங்க சார்" என்றான் ஆரன். "நாளன்னிக்கும் வாங்க. நேரம் இல்லன்னா சொல்லுங்க, நானே வந்து ஏத்திட்டு வரேன். வண்டி எப்படியும் காலியாத்தானே வந்துட்டிருந்தது."

"மழைக்காலத்துல சூளைக்காரங்க போயிடுவாங்களேப்பா."

ஆரன் சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அவர் மேஜை மேல் வைத்தான். "பதினேழு வீடு பூட்டிக் கெடக்கு சார். பத்து வீட்டுக்காரங்க விடறேன்னு சொல்லிட்டாங்க. கொட்டகையில ஒழுகிட்டிருக்கறவங்க ஓட்டு வீட்டுக்கு வர மாட்டேன்னா சொல்லுவாங்க? மனுஷங்க வந்தா மில்லு ஓடும். மில்லு ஓடினா இன்னும் நாலு பேரு வருவான். ஆனா புள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லாத ஊருக்கு எவன் சார் குடித்தனம் வருவான்?"

அதிகாரி சாவிகளைப் பார்த்தார். தாடையைத் தடவினார். பிறகு, சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் தலையை எண்ணுவோம் என்கிற மாதிரி பேனாவைத் திறந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டார்.

பழைய பிள்ளைகள் ஒன்பது பேரும் "உள்ளேன் ஐயா" என்று ஒழுங்காகச் சொன்னார்கள். பத்தாவதாக, முந்தின நாள் ஆரன் சொல்லி டீச்சர் எழுதி வைத்திருந்த அவன் மகள் பெயரைப் படித்தார்.

"ஒண்ணு!" முற்றமே அதிர்ந்தது. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. அதுதான் இந்தப் பள்ளிக்கூடத்து முறை போலிருக்கிறது என்று சூளைப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். அடுத்த பெயரைப் படிக்க விடவில்லை.

"ரெண்டு!"

"மூணு!"

"இருங்கடா, பேரக் கூப்பிடறேன்" என்றார் அதிகாரி.

"நாலு!" "அஞ்சு!" "ஆறு!"

தூணோரமாக ஒன்று, தண்ணீர்த் தொட்டியோரமாக ஒன்று என்று மூலைக்கு மூலையிலிருந்து நம்பர் வந்துகொண்டே இருந்தது. பழைய ஒன்பது பிள்ளைகளும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். அந்த முற்றம் இத்தனை சத்தத்தைக் கேட்டு எத்தனையோ வருஷமாகிறது. டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்ததை ஆரன் பார்த்தான். பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டான். அதிகாரியும் பெயர் கூப்பிடுவதை விட்டுவிட்டு, நம்பருக்கு ஒரு டிக் என்று போட ஆரம்பித்திருந்தார்.

"பதினஞ்சு!" என்றாள் கடைசியாக நின்ற பெரிய மனுஷி. சொல்லிவிட்டு, இடுப்பிலிருந்த குழந்தையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். "பதினாறு!"

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "அது கணக்குல வராதும்மா."

சமையலம்மா ஒரு தட்டில் ஆவி பறக்கிற கஞ்சியோடு முற்றத்துக்கு வந்து, அதை அவர் முன்னால் வைத்தாள். கரி பட்ட கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"ஏன் சார் வராது? இன்னும் நாலு வருஷத்துல வரும். பள்ளிக்கூடம் தெறந்துதான் இருக்கும். இப்பச் சாப்பிடுங்க, ஆறிடப் போவுது."

அவர் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். பிறகு படிவத்தை எடுத்து, ஒன்பதின் மேல் ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் இருபத்துநாலு என்று எழுதினார்.